கொழும்பின் காற்றில் கிற்றாருக்கு லக்கர் பூசுதல்

கையால் ஒரு கிற்றாரையோ மண்டலினையோ செய்கிறவர்கள் கடைசி வேலையான பூச்சில்தான் அவசரப்படுகிறார்கள். சீவி, வளைத்து, ஒட்டி முடித்தாகிவிட்டது. தந்தி கட்டி வாசித்துப் பார்க்கக் கை துடிக்கிறது. அந்தத் துடிப்போடு கடைக்குப் போய் ஒரு டின் லக்கர் வாங்கிவந்து, வானம் இருண்டுகொண்டிருக்கும் பிற்பகலில் அடித்துவிடுகிறார்கள். அரைமணி நேரத்தில் மகோகனியின் செம்பழுப்பு முழுவதும் பால் தெளித்ததுபோல் வெளுத்துப்போகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் லக்கரின் தரம் அல்ல, காற்றில் இருக்கும் ஈரம்.

இந்த வேலையைப் பற்றிக் கிடைக்கும் ஆங்கில நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் உலர்ந்த நாடுகளில் இருப்பவர்களுக்காகச் செய்தவை. கடலோர நகரத்தில் இருக்கும் நாம் அவற்றின் முறையை எடுத்துக்கொள்ளலாம். நேரத்தையும் கலவையையும் மட்டும் நமக்கேற்ப மாற்றவேண்டும். முதல் தடவை பூசப்போகிறவருக்கு அதைத்தான் சொல்ல வருகிறேன். கிற்றாரை வைத்துச் சொல்கிறேன். வீணைக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

எந்தப் பூச்சு

தளபாடக் கடைகளில் "என்.சி. லக்கர்" என்று கேட்டால் கிடைப்பது நைட்ரோ செலுலோஸ் லக்கர். 1920களில் மோட்டார் கார்களுக்கு நிறம் பூச இது பெருவழக்கில் வந்தது. அமெரிக்கக் கிற்றார்த் தொழிற்சாலைகளும் அந்தக் காலத்திலேயே இதை எடுத்துக்கொண்டன. இதன் சிறப்பு ஒன்றுதான். புதிதாக அடிக்கும் ஒவ்வொரு பூச்சும் அடியில் இருக்கும் பழைய பூச்சைச் சற்றே கரைத்து அதனோடு கலந்துவிடும். பத்துத் தடவை அடித்தாலும் இறுதியில் இருப்பது ஒரே ஒரு மெல்லிய படலம். பின்னால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்திவிடலாம்.

இரண்டு டின்களாக வரும் பொலியுரத்தேன் பூச்சு வேறு வகை. மேசைக்கும் கதவுக்கும் அது நல்லது: கெட்டியானது, தண்ணீருக்கு அசையாதது. ஆனால் அதைத் தடிப்பாகப் பூசினால் ஒலியை எழுப்பும் முகப்பலகை அதிரச் சிரமப்படும். அதன் கெட்டிப்படுத்தும் திரவத்தில் இருக்கும் ஐசோசயனேற்று நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. வீட்டில் வேலை செய்யும் புதியவர் அதைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது வழி அரக்கு. அரக்குப் பூச்சியின் சுரப்பிலிருந்து எடுக்கும் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. பிரெஞ்ச் பொலிஷ் என்பது இதுதான். ஸ்பெயின் நாட்டுப் பழைய கிற்றார்கள் இந்தப் பூச்சில்தான் பாடின. வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ தொடர்மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். பல்கனியில் நின்று லக்கர் ஸ்பிரே அடிப்பது அயல்வீட்டுக்காரருக்கும் கேடு, உங்களுக்கும் ஆபத்து. அரக்குக்குக் கொம்பிரசர் தேவையில்லை. ஒரு மேசையும், திறந்த ஜன்னலும், கையுறையும் போதும். வியர்வைக்கும் மதுசாரத்துக்கும் அது இளகும் என்பது குறை. நம் காலநிலையில் வாசிப்பவரின் முன்கை படும் விளிம்பில் சில வருடங்களில் தேய்மானம் தெரியும். அங்கே மறுபடி நாலு தேய்ப்புத் தேய்த்தால் சரியாகிவிடும்.

முற்றம் இருக்கிறது, அல்லது முற்றம் உள்ள நண்பர் இருக்கிறார் என்றால் லக்கருக்குப் போகலாம். இன்னொரு வழி, மொறட்டுவையில் தளபாடம் செய்யும் பட்டறைகளில் ஒன்றைப் பிடித்து, அவர்களுடைய கொம்பிரசரை ஒரு நாளுக்குக் கேட்பது. அப்படிப் போனால் பக்கத்திலேயே நில்லுங்கள். "அண்ணா, மேசைக்கு அடிக்கிறது மாதிரி வேண்டாம், காகிதம் அளவுக்குத்தான்" என்று ஒவ்வொரு பூச்சுக்கும் முன்னால் சொல்லவேண்டியிருக்கும். அவர்களுடைய கை தடிப்பாக அடித்துப் பழகிய கை.

நாளும் நேரமும்

லக்கரில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த மேற்பரப்பில் காற்றின் நீராவி ஒடுங்கிப் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. வெண்மை வருவது இதனால்தான். காற்றின் ஈரத்தைச் சதவீதத்தில் சொல்லும் சாரீரப்பதன் 70க்கு மேல் போனால் சாதாரணத் தின்னரோடு இந்தத் தொல்லை வர வாய்ப்பு அதிகம். கொழும்பில் அது பெரும்பாலான நேரம் 70க்கு மேலேதான் இருக்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி வேலை செய்யும் இடத்தில் மாட்டுங்கள். பட்டியலில் முதலில் வாங்கவேண்டிய பொருள் அதுதான். லக்கர் அதற்குப் பிறகு.

வருடத்தில் நல்ல காலம் ஜனவரியும் பெப்ரவரியும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிடும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. அந்த மாதங்களில் மரவேலையைச் செய்யுங்கள், பூச்சைத் தள்ளிவையுங்கள். நாளுக்குள் பார்த்தால் விடிகாலையில் ஈரம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இறங்கி, நண்பகலுக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் மிகக் குறையும். முதல் பூச்சைப் பதினொரு மணிக்கு முன்னால் அடிக்காதீர்கள். மாலை நான்குக்குப் பிறகு எதையும் அடிக்காதீர்கள்.

குளிரூட்டிய அறையில் கிற்றாரை வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். 28 பாகை வெப்பமும் 78 சதவீத ஈரமும் உள்ள காற்று ஏறக்குறைய 24 பாகையிலேயே பனிக்கத் தொடங்கும். 22 பாகை அறையிலிருந்து எடுத்துவந்த மரத்தின் மேல், கண்ணுக்குத் தெரியாத ஈரம் உடனே படிந்துவிடும். அதன் மேல் அடித்தால் வெயில் நாளிலும் வெளுக்கும். கிற்றாரையும் லக்கர் டின்னையும் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வெளியே கொண்டுவந்து, வெளிவெப்பத்துக்கு வரவிடுங்கள்.

கொம்பிரசரின் தொட்டிக்குள்ளும் தண்ணீர் சேரும். அடியில் இருக்கும் திருகைத் திறந்து வடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கவேண்டும். குழாயில், காற்றோடு வரும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் நீர்ப்பொறி ஒன்றும் பொருத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் லக்கரோடு சேர்ந்து தண்ணீர்த் துளியும் பறந்து வந்து விழும்.

வாங்கவேண்டியவை

பழைய சோனகத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் பெரும்பாலானவை கிடைத்துவிடும்: என்.சி. லக்கர், அதே நிறுவனத்தின் தின்னர், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர், 150 முதல் 2000 வரை இலக்கமிட்ட அரத்தாள், மாஸ்கிங் டேப், அரக்குச் செதில், ஸ்பிரிட், பொலிஷ் செய்யும் கலவை. ரிடார்டர் இல்லை என்று ஒரு கடையில் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். நமக்கு அது இல்லாமல் நடக்காது. லக்கரும் தின்னரும் ஒரே நிறுவனத்தினதாக இருப்பது நல்லது. மலிவுத் தின்னர் சில, பூச்சைத் திரித்துவிடும்.

முகக்கவசத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். கரி வடிகட்டி பொருத்திய, இரசாயன ஆவியைத் தடுக்கும் கவசம் வேண்டும். மருந்துக்கடைத் துணிக்கவசம் தூசியைத்தான் ஓரளவு தடுக்கும். ஆவி நேரே உள்ளே போகும்.

தீயைப் பற்றி

நைட்ரோ செலுலோஸ் வெடிப்பஞ்சின் இனத்தைச் சேர்ந்தது. பாண்டவரை எரிக்க அரக்கு மாளிகை கட்டிய கதை நமக்குத் தெரியும். இது அரக்கைவிடப் பல மடங்கு வேகமாகப் பற்றும். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறை வரைக்கும் போகும். ஆகவே ஸ்பிரே அடிக்கும்போது வீட்டில் காஸ் அடுப்பு எரியக்கூடாது. சுவாமி விளக்கு, ஊதுபத்தி, நுளம்புச்சுருள் எதுவும் கூடாது. சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும்கூட ஒரு பொறியை உண்டாக்கும். திறந்த வெளியில், காற்று மெதுவாக ஓடும் இடத்தில், வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அடியுங்கள். தரையில் படியும் லக்கரின் வெண்தூசியும் எரியும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். மிஞ்சிய தின்னரைக் கானுக்குள் ஊற்றாதீர்கள். அது கால்வாய் வழியாகக் கடலுக்குத்தான் போகும். மூடிய போத்தலில் வைத்தால் தெளிந்துவிடும். ஸ்பிரே கன் கழுவ மறுபடி உதவும்.

மரத்தைத் தயார்செய்தல்

பூச்சின் அழகில் பெரும்பங்கு இங்கேதான் முடிவாகிறது. லக்கர் எதையும் மறைக்காது. இருக்கும் கீறலைப் பெருப்பித்துக் காட்டும். 150 இலக்க அரத்தாளில் தொடங்கி 180, 220 என்று ஏறுங்கள். எப்போதும் மரநாரின் திசையிலேயே தேய்க்கவேண்டும். தட்டையான இடங்களுக்கு அரத்தாளின் பின்னால் ஒரு கட்டை வையுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் மென்மையான நார் பள்ளமாகி, பளபளப்பு வந்த பிறகு அலை அலையாகத் தெரியும். 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். 320ஆல் மெதுவாகத் தடவி அவற்றை நீக்குங்கள்.

பிறகு ஜன்னலோரமாகப் போய், ஒளி பக்கவாட்டில் விழும்படி பிடித்துக்கொண்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் முழுவதும் துடைத்துப் பாருங்கள். நனைந்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் மரம் பூச்சுக்குப் பிறகு எப்படி இருக்குமோ அப்படியே தெரியும். பசை ஒட்டியிருக்கும் இடம் வெளிறித் திட்டாக நிற்கும். குறுக்குக் கீறல்கள் கோடு கோடாகத் தெரியும். விலாவும் முதுகும் சேரும் விளிம்பில்தான் பசைத் திட்டு அதிகம் ஒளிந்திருக்கும். பென்சிலால் சுற்றிவட்டம் போட்டுவைத்து, காய்ந்ததும் கூரான சுரண்டியால் நீக்குங்கள்.

தேக்கு எண்ணெய் உள்ள மரம். பூசுவதற்குச் சற்று முன்னால் தின்னரால் துடைத்து, மேலெழுந்த எண்ணெயை எடுத்துவிடவேண்டும். பலாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் மஞ்சள் நிறம் வெளிச்சம் பட்டு வருடங்களில் தேன்நிறமாகும் என்பதால் சாயம் எதுவும் ஏற்றாமல் விடுவதே என் விருப்பம். இந்த நிலைக்கு வந்த பிறகு வெறுங்கையால் மரத்தைத் தொடாதீர்கள். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் கைக்கு வந்து, கையிலிருந்து மரத்துக்குப் போனால், அந்த இடத்தில் லக்கர் பிடிக்காது.

அடுத்தது மறைக்கும் வேலை. விரற்பலகை கருங்காலியாக இருந்தால் அதற்குப் பூச்சே வேண்டாம், டேப்பால் மூடுங்கள். ஒலித்துளைக்குள் பத்திரிகைத் தாளைத் திணியுங்கள். முகப்பலகையில், தந்திகளைத் தாங்கும் குதிரையை ஒட்டப்போகும் இடத்தைத் துல்லியமாக அளந்து, அதே வடிவில் டேப்பை வெட்டி ஒட்டுங்கள். உருக்குத் தந்தி ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவை கொடுக்கும். லக்கரின் மேல் ஒட்டிய குதிரை அந்த இழுவையில் ஒரு நாள் படலத்தோடு கழன்று வரும். வெறும் மரத்தில் ஒட்டினால்தான் நிற்கும். வீணைக்காரர்கள் மெழுகேற்றி மெட்டுகள் பதிப்பதற்கு முன்னாலேயே பூச்சை முடித்துவிடவேண்டும். மெழுகு ஒரு சொட்டு பட்ட இடத்திலும் லக்கர் நிற்காது.

இதே மரத்தில் ஒரு துண்டை எடுத்து, இதே அரத்தாள்களால் தேய்த்துத் தயாராக வைத்திருங்கள். இனி வரும் ஒவ்வொரு படியையும் முதலில் அந்தத் துண்டில் செய்து பார்த்த பிறகே கிற்றாரில் செய்யவேண்டும்.

அடிப்பூச்சு

நேரே லக்கரை அடிக்காமல் முதலில் அரக்கைப் பூசுவது நல்லது. எண்ணெய் மரத்திலும் அரக்கு பிடிக்கும், அதன் மேல் லக்கரும் பிடிக்கும். 1 லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் செதில் என்ற கணக்கில் கரையுங்கள். ஒரு கிற்றாருக்கு 200 மில்லிலீற்றர் தாராளமாகப் போதும். ஒரு நாளில் கரையும். இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்தால் மெழுகு அடியில் படியும். மேலே இருக்கும் தெளிவை மட்டும் இறுத்து எடுங்கள். கரைத்த அரக்கு நம் வெப்பத்தில் சில மாதங்களில் கெட்டு, காயாமல் பிசுபிசுக்கத் தொடங்கும். பழைய போத்தலை நம்பாதீர்கள். கண்ணாடியில் ஒரு துளி விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் எறிந்துவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

பஞ்சுத்துணியால் இரண்டு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் 320ஆல் இலேசாகத் தடவுங்கள்.

மகோகனி, தேக்கு, பலா எல்லாவற்றுக்கும் நுண்துவாரங்கள் பெரியவை. கண்ணாடிபோல் சமமாக வேண்டுமானால் துவாரம் அடைக்கும் பசையை நாருக்குக் குறுக்காகத் தேய்த்து, பழைய பிளாஸ்ரிக் அட்டையால் வழித்து, நன்றாகக் காய்ந்த பிறகு சமப்படுத்தவேண்டும். ஊசியிலை மரத்து முகப்பலகைக்கு இது தேவையில்லை. துவாரங்கள் தெரியும்படி விட்டாலும் குற்றமில்லை. முதல் கருவிக்கு அப்படி விடுவதையே நான் விரும்புவேன். மரம் மரமாகத் தெரியும், வேலையும் பாதியாகும்.

ஸ்பிரே

லக்கரும் தின்னரும் சம அளவு. மொத்தக் கலவையில் நூற்றுக்கு 5 பங்கு ரிடார்டர். ஈரமான நாளில் 10 வரைக்கும் போகலாம். அதற்கு மேல் போனால் பூச்சு வாரக்கணக்கில் மென்மையாகவே கிடக்கும். மெல்லிய துணியால் வடிகட்டி ஊற்றுங்கள்.

ஸ்பிரே கன்னை 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்தில், மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதும் நேராகப் போகவேண்டும். கிற்றாருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போன பிறகே விடவேண்டும். ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டில் பாதியை மூடவேண்டும். முதலில் விளிம்புகள், பிறகு விலா, முதுகு, கடைசியாக முகப்பலகை. முதல் பூச்சு மூடுபனி அளவுக்கு இருந்தால் போதும். அடுத்தவற்றில் மேற்பரப்பு ஒரே சீராக நனைந்து மின்னவேண்டும், வழியக்கூடாது. வீணையின் யாளிமுகத்தில் செதுக்குகளின் அடியில் லக்கர் தேங்கும். காய்ந்த தூரிகையின் நுனியால் உடனே ஒற்றி எடுங்கள்.

ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒன்றரை மணி நேரம். நம்முடைய நல்ல நேரத்துக்குள் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் அடிக்கவேண்டாம். மூன்று பூச்சு முடிந்ததும் இரண்டு நாள் விட்டு, 400ஆல் மேடுகளை மட்டும் தட்டுங்கள். இப்படி எட்டு, ஒன்பது பூச்சு வரை போகலாம். சமப்படுத்தி முடித்த பிறகு மிஞ்சும் படலம் 0.1 மில்லிமீற்றர் அளவில் இருப்பது உடலுக்குச் சரி. முகப்பலகைக்கு இரண்டு மூன்று பூச்சுக் குறைத்தே அடியுங்கள். முகப்பலகையைத் தட்டிக் கேட்டுப் பழகியவர்களுக்கு, பூச்சு கனக்கக் கனக்க அந்த ஒலி மந்தமாவது காதிலேயே தெரியும். பளபளப்புக்காக அதை விட்டுக்கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

தவறினால்

வெளுத்துவிட்டால் பதறித் தேய்க்கவேண்டாம். அன்றைக்கு அப்படியே விடுங்கள். சில வேளை தானாகவே தெளியும். தெளியாவிட்டால் காய்ந்த நாளொன்றில், தின்னரில் சிறிது ரிடார்டர் கலந்து மூடுபனியாக ஒரு தடவை அடித்தால் படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறிவிடும். வழிந்த இடத்தையும் ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். ஒரு வாரம் விட்டு, சவர அலகைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். நுளம்பு ஒட்டிக்கொண்டாலும் அதேதான்: காயவிட்டு, ஊசியால் எடுத்து, குழியில் ஒரு துளி லக்கர். மீன்கண் போன்ற வட்டக் குழிகள் தோன்றினால் எங்கேயோ எண்ணெய் அல்லது சிலிக்கன் பட்டிருக்கிறது. அதன் மேல் மேலும் அடித்துப் பயனில்லை. அந்த இடத்தை மரம் வரை துடைத்து, அரக்குப் பூசித் தொடங்குங்கள்.

காத்திருத்தலும் மினுக்குதலும்

கடைசிப் பூச்சுக்குப் பிறகு குறைந்தது மூன்று வாரம் தொங்கவிடுங்கள். மழை நாட்கள் வந்தால் நான்கு. தொட்டுப் பார்த்தால் இரண்டாம் நாளே காய்ந்ததுபோல்தான் இருக்கும்; உள்ளே தின்னர் இன்னும் இருக்கிறது. முதுகில் மூக்கை ஒட்டி வைத்து முகருங்கள். தின்னர் மணம் கொஞ்சமாவது வந்தால் இன்னும் காத்திருக்கவேண்டும். அதற்குள் மினுக்கினால் அன்றைக்குச் சமமாக இருக்கும். அடுத்த மாதம் படலம் சுருங்கி மரநாரின் கோடுகள் மேலே தெரியும்.

மணம் போனதும் 800, 1000, 1500, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்தால் அரத்தாள் அடைக்காது. முறுக்காணித் துளைகளுக்குள்ளும் ஒலித்துளை விளிம்பிலும் தண்ணீர் போகவிடாதீர்கள். மரம் ஊதி லக்கரைப் பிளக்கும். விளிம்புகளில் இரண்டு தேய்ப்புக்கு மேல் வேண்டாம், அங்கேதான் மரம் வெளிவரும். தேய்த்த சேற்றைத் துடைத்துப் பாருங்கள்: மினுங்கும் புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது. எல்லாம் ஒரே மங்கலானதும் மென்துணியில் பொலிஷ் கலவையை வைத்து வட்டமாகத் தேய்த்து முடியுங்கள்.

இனி டேப்பைப் படுக்கவைத்து மெதுவாக உரித்து, குதிரையை ஒட்டி, ஒரு நாள் இறுக்கி வைத்து, மறுநாள் தந்தி கட்டலாம். கட்டிய பிறகு கிற்றாரை இறப்பர் பிடி உள்ள தாங்கியில் மாட்டாதீர்கள். இறப்பரும் லக்கரும் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் இளகி ஒட்டிவிடும். பஞ்சுத்துணி சுற்றிய மரத்தாங்கி போதும். மாலையில் நுளம்புத் தைலம் பூசிய கையோடு வாசிக்கவும் வேண்டாம். டீட் என்ற இரசாயனம் கலந்த தைலம் இந்தப் பூச்சைக் கரைத்துக் கைரேகையைப் பதித்துவிடும். முன்கையை நன்றாகக் கழுவிவிட்டு எடுங்கள், அல்லது நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.